திரைக்குப் பின்னால் நீலப்படை

காஜா மைதீன் பினாங்கிலிருந்து வந்தபோது அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும், பெண்சாதிக்கு ஜார்ஜெட் சேலையும், அக்கம்பக்கத்துக்குச் சோப்புக்கட்டியும் கொண்டுவந்தார். கப்பலேறிப் போய் வருகிற எல்லாரும் கொண்டுவருவதுதான் அதெல்லாம். ஆனால் பெட்டியின் அடியில், பழைய பேப்பரில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார் பாருங்கள், அதற்குள் இருந்ததை மச்சுவாடியில் அதுவரை ஒருவரும் கண்டதில்லை. அணாவை நயா பைசாவாக மாற்றிச் சொல்லத் தெரியாமல் புதுக்கோட்டையே தடுமாறிக்கொண்டிருந்த வருஷம் அது.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் அந்த டப்பாவை எடுத்து முன்கூடத்து ஜமுக்காளத்தில் கவிழ்த்தார். பொலபொலவென்று கொட்டியது. அத்தனையும் ஈயச் சிப்பாய்கள், கொஞ்சம் பேர் குதிரைமேல். நிறுத்திவைத்தால் ஒரு கொட்டைப்பாக்கு உயரம் வருவார்கள். அந்த உயரத்துக்குள் தோளில் துப்பாக்கி, முதுகில் பை, தலையில் முக்கோணத் தொப்பி, மார்பில் குறுக்குவார், சட்டையில் பொத்தான் என்று ஒன்று குறையாமல் வார்த்திருந்தார்கள். நிறம்தான் இல்லை. மழை வரப்போகிற வானம் மாதிரி எல்லாம் ஒரே சாம்பல்.

"என்ன மாப்ளே, கொலுப் பொம்மை குட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றார் ரெங்கராஜ். காஜா மைதீனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். அறந்தாங்கிக்கும் குளத்தூருக்கும் ஓடுகிற பஸ்களின் நெற்றியில் பூமாலையும் ஊர்ப்பெயரும் எழுதிய கை அவருடையது.

"பொம்மை இல்ல மாப்ளே. படை" என்றார் காஜா மைதீன்.

பினாங்கில் அவர் வேலை பார்த்த கடையின் முதலாளி ஒரு வயசான வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தரையில் மலையும் ஆறும் செய்து, பழைய காலத்துச் சண்டைகளை இந்தச் சிப்பாய்களை வைத்து மறுபடி நடத்திப் பார்ப்பாராம். கட்டைவிரல் அளவு பித்தளைப் பீரங்கி ஒன்று உண்டு. உள்ளே ஸ்பிரிங். தீக்குச்சியைச் செருகித் தட்டினால் பறக்கும், பட்டவன் விழுவான். முதலாளி சீமைக்குத் திரும்பும்போது அந்தப் பீரங்கியையும், பூசாமல் மிஞ்சியிருந்த சிப்பாய்களையும் காஜா மைதீனுக்குக் கொடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுட்டு வந்ததும், இந்தக் கூடத்துலயே சண்டை. திருச்சினாப்பள்ளி சண்டை. திங்கக்கிழமை நான் நாகப்பட்டினம் போய்க் கப்பலைப் பிடிக்கணும். அதுனால ஒரே சண்டைதான். சட்டம் ரெண்டு. வண்ணம் பூசாத சிப்பாய் களத்துல நிக்கக் கூடாது. எந்தப் படையை யாரு பூசுறாகளோ அவுகதான் அதுக்குத் தளபதி."

திருச்சிக் கோட்டை யாருக்கு என்று இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் காவிரிக்கரையில் மோதிக்கொண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். நம் புதுக்கோட்டை ராஜா தொண்டைமான் இங்கிலீஷ்காரன் பக்கம் நின்றார். அதனால் சிவப்புப் படை தனக்குத்தான் என்று ரெங்கராஜ் முதலிலேயே சொல்லிவிட்டார். நீலப்படையைக் காஜா மைதீனின் அண்ணன் முகமது இப்ராஹிம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் மேலராஜ வீதியில் துணிக்கடை வைத்திருந்தார்.

"நான் தூரிகை பிடிச்சதே இல்லப்பா" என்றார் முகமது இப்ராஹிம். "ரெங்கராஜே, நீலத்தையும் நீயே அடிச்சுக் குடுத்துரு. நான் சாஞ்சு உக்காந்து ஜெயிச்சுக்கிறேன்."

"அதுக்கென்னண்ணே. பஸ்ஸுக்கே அடிக்கிறவன், இந்தப் பொடியனுகளுக்கு அடிக்க மாட்டனா?"

முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. வெளி ஆண்கள் வந்தால் காஜா மைதீனின் மனைவி ஹவ்வா உம்மாள் அந்தத் திரைக்கு அப்பால்தான் இருப்பாள். அங்கிருந்து இப்போது அவள் குரல் வந்தது.

"நீலத்தை நான் பூசுறேன்."

முகமது இப்ராஹிம் சிரித்தார். "தளபதி திரைக்குள்ள இருந்தா படை எப்படிம்மா நடக்கும்?"

"நவாபுமாருக எல்லாம் கூடாரத்துக்குள்ள இருந்துதான பெரிய மச்சான் சண்டை போட்டாக?"

காஜா மைதீன் திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சட்டம்னா சட்டந்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சா நீலம் அவளுக்கு. ஒருத்தன் பாக்கி நின்னாலும் அண்ணனுக்கு."

மூன்று வருஷமாக அவர் ஹவ்வாவுக்கு எழுதிய கடிதங்களில் நலம் நலமறிய ஆவல் எல்லாம் முதல் நாலு வரிதான். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சண்டை வந்துவிடும். எந்தக் குதிரை எந்தப் பாலத்தில் மாட்டியது, யார் எங்கே ஒளிந்து அடித்தார் என்று எழுத ஆரம்பித்தால் பேனா பறக்கும். படிக்கப் படிக்க அவளுக்கும் பறக்கும். அவர் அத்தனை சந்தோஷமாக இருக்கிற இடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானும் இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. திங்கட்கிழமை கப்பல். விட்டால் இன்னும் மூன்று வருஷம்.

மாமியார் ரம்லத் பீவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பூசு, வேணாங்கல" என்றார். "ஆனா உருவத்துக்குக் கண்ணு எழுதுற வேலை இந்த வீட்டுக்குள்ள வேணாம். கண்ணு வச்சா உசுரு எங்கேன்னு மறுமையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"கண்ணே வைக்கல மாமி."

மறுநாள் ரெங்கராஜ் தந்தனுப்பிய நீலம், வெள்ளை, கறுப்பு, காவி டப்பாக்களும் டர்பன்டைன் புட்டியும் வந்துசேர்ந்தன. கிணற்றடி வேப்பமர நிழலில் பாய் விரித்து ஹவ்வா உட்கார்ந்தாள். முதல் சிப்பாயை இடது கையில் பிடித்து, ரெங்கராஜின் ஆகச் சின்னத் தூரிகையை நீலத்தில் முக்கி, பிஸ்மி சொல்லி வைத்தாள்.

என்ன நடந்தது என்கிறீர்கள்? ஒரே தொடலில் சட்டை, கை, துப்பாக்கி, தாடை எல்லாம் நீலம். துடைக்கப் போனால் அவள் விரலும் நீலம். மேலே வெள்ளை வைத்தாள், அது கலந்து வெளிறிப்போனது. அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வைத்தாள். பெயிண்ட் கனத்துப் பொத்தானும் குறுக்குவாரும் மூழ்கி, சிப்பாய் பாகில் விழுந்து எழுந்த பனியாரம் மாதிரி ஆனான்.

அவளுக்கு அழுகை வரவில்லை, கண்ணுகளா. சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு எடுத்த தூரிகையால் பாக்குக்குப் பூசப் போனால் வேறென்ன ஆகும்?

அன்று மத்தியானம் மூன்று வேலை செய்தாள். பெரிய மச்சான் கடையிலிருந்து வந்து கிடந்த காலி நூல்கட்டைகளைப் பொறுக்கி, மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்டு விட்டு, ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு சிப்பாயை நிறுத்தினாள். இனி விரல் சிப்பாயைத் தொடவேண்டாம், கட்டையைத் திருப்பினால் போதும். இரண்டாவது, பெயிண்டில் டர்பன்டைன் விட்டு மோர் பதத்துக்கு இளக்கினாள். மூன்றாவது தூரிகை. தலைமுடியை வைத்துப் பார்த்தாள், துவண்டது. சுற்றுமுற்றும் பார்த்தவளின் கண்ணில், கொடுக்காப்புளித் தழை தின்றுகொண்டிருந்த மாமியின் வெள்ளாடு பட்டது. அதன் தாடி, வெயிலில் ஒவ்வொரு முடியாக மின்னியது.

சாயங்காலம் ரம்லத் பீவி கிணற்றடிக்கு வந்து நின்றார்.

"யாரு இந்த ஆட்டுக்குச் சவரம் பண்ணது?"

"சண்டைக்குப் போறவகளுக்கு ஆடும் தன்னால ஆனதைக் குடுத்துச்சு மாமி."

"இப்பவே கேட்டுக்கிறேன், நாளைக்கு எந் தலைமுடிக்கும் கத்திரி வைப்பியா?" என்று சொல்லிக்கொண்டே ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார் மாமி.

நாலே நாலு முடி, ஈர்க்குச்சியில் நூலால் கட்டியது. அதை வைத்து அவள் போட்ட முதல் கோடு சிப்பாயின் மார்பில் குறுக்குவாராக விழுந்தபோது மூச்சைப் பிடித்திருந்தாள். கோடு நின்றது. தோளிலிருந்து இடுப்புவரை, சிந்தாமல், வெள்ளைவெளேரென்று. அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். தலையிலிருந்து கால்வரை ஒருவனை முடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போவதை அன்றோடு விட்டாள். எல்லாருக்கும் சட்டை, காய்ந்ததும் எல்லாருக்கும் கால்சட்டை, பிறகு எல்லாருக்கும் தொப்பி. இடியாப்பத்தை ஒவ்வொன்றாகவா வேகவைக்கிறோம்? சித்திரை வெயில் கொதித்ததால் ஒரு பகலில் பூச்சு கல்லாய் இறுகிற்று.

முகத்துக்குக் காவியில் வெள்ளை கலந்து ஒரே பூச்சு. கண் இல்லை, வாய் இல்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். நல்ல நீலம், நல்ல வெள்ளைதான். ஆனாலும் ஏதோ குறைந்தது. உரித்த உருளைக்கிழங்குக்குத் தொப்பி வைத்த மாதிரி இருந்தார்கள்.

புதன்கிழமை அந்தக் குறை தீர்ந்தது, அதுவும் ஒரு விபத்தால். தூரிகை கழுவிக் கழுவி டர்பன்டைன் கிண்ணம் கறுத்து அழுக்குத் தண்ணீராக இருந்தது. எழுந்தபோது சேலை முந்தி தட்டி அந்தக் கிண்ணம் ஒரு சிப்பாய்மேல் கவிழ்ந்தது. பதறிப்போய் அவனை எடுத்து உதறினாள். ஊதினாள். வெளிச்சத்தில் திருப்பினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

மேடான இடத்திலிருந்து அழுக்குத் தண்ணீர் வழிந்து போய்விட்டது. பள்ளமான இடத்தில் மட்டும் தங்கிவிட்டது. சட்டையின் மடிப்பு தெரிந்தது. துப்பாக்கியைப் பிடித்த கையில் விரல் விரலாகத் தெரிந்தது. தொப்பி விளிம்புக்குக் கீழே, புருவத்துக்கடியில், ஒரு மெல்லிய நிழல் விழுந்திருந்தது. நூல்கட்டையைத் திண்டில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனாள். அவன் அவளைப் பார்த்தான்.

கிட்டே வந்து பார்த்தால் கண் இல்லை. தள்ளிப் போனால் பார்க்கிறான்.

ஹவ்வா கிட்டே வந்தாள், தள்ளிப் போனாள், மறுபடி கிட்டே வந்தாள். உலை பொங்கி அடுப்பை அணைத்தது அவளுக்குத் தெரியாது. பொங்கிய சோற்றைப் பார்த்துவிட்டு வந்த மாமி, மருமகள் கிணற்றடியில் முன்னும் பின்னுமாக நடப்பதைப் பார்த்து, "ஒனக்கு என்னம்மா ஆச்சு, வேப்பமரத்துக் காத்தா?" என்றார்.

"மாமி, இங்கிட்டு வந்து இவனைப் பாருங்க."

மாமி பார்த்தார். முகம் மாறியது. "கண்ணு வச்சிட்டியா?"

"கிட்ட வந்து பாருங்க."

மாமி சிப்பாயை மூக்குக்குக் கிட்டே பிடித்து, விரலால் தடவி, ரொம்ப நேரம் தேடினார். "இல்லையே" என்றார். "நெழலுல்ல இது." வைத்துவிட்டுப் போனவர் அடுப்படி வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குள் நீலப்படையில் ஒருவன் பாக்கியில்லை. பனியாரத்தானைக்கூடச் சுரண்டி மறுபடி பூசிவிட்டாள். டப்பாவில் மிச்சம் கிடந்தது யாரும் கேட்காத ஒரு குதிரைப்படை மட்டும்தான். ஹவ்வா திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, காஜா மைதீன் அவளுடைய ஆட்களைக் கூடத்தில் வரிசை பிடித்து நிறுத்துவதைப் பார்த்தாள். அவர் ஒவ்வொருவனாக எடுத்துப் பார்த்தார். எடுத்தவனை வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். அவளுக்கு அது போதும்.

அந்த நேரத்தில் ரெங்கராஜ் ஒரு தாம்பாளத்தில் சிவப்புப் படையோடு வந்தார். குதிரைமேல் ஏறிய தளபதி முன்னால், சிப்பாய்கள் பின்னால். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு.

"கண்ணு கடைசியிலதான் வச்சேன் மாப்ளே. எங்க வல்லத்திராக்கோட்டைல அய்யனாருக்குப் புரவி எடுக்கையில அப்படித்தான். கண்ணு தொறக்கிற வரைக்கும் அது வெறும் மண்ணு. தொறந்துட்டா ஆளு வேற."

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஒவ்வொரு முகத்திலும் இரண்டு வெள்ளைப் பொட்டு, நடுவில் கறுப்பு. அந்த அளவு முகத்துக்கு அந்தக் கண் இரண்டு பங்கு பெரிசு. படை மொத்தமும் பேயைக் கண்ட மாதிரி முழித்தது.

முகமது இப்ராஹிம் குனிந்து பார்த்தார். "ஏன்ப்பா, இவனுக சண்டைக்கு வந்தவனுகளா, கடன்காரனைக் கண்டவனுகளா?"

யாரும் சிரிக்குமுன் ரம்லத் பீவி வந்துவிட்டார். ரெங்கராஜ் சின்ன வயசிலிருந்து அவர் கையால் சாப்பிட்டவர், அவருக்குமுன் திரையெல்லாம் இல்லை. மாமி தாம்பாளத்தைப் பார்த்தார், ஓரடி பின்வாங்கினார்.

"தம்பி, நீ எம் மகன் மாதிரி. ஆனா கண்ணு வச்ச உருவத்தைத் தொழுகிற கூடத்துல நிறுத்த முடியாதுப்பா. அந்தக் கண்ணை மூடி எடுத்துட்டு வா."

ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்க பேச்சை நான் தட்டுனதில்லம்மா. ஆனா தொறந்த கண்ணு மேல பெயிண்ட் அடிக்க எனக்குக் கை வராது. குருடாக்குன மாதிரி ஆயிரும்."

"அப்ப வெளியில வச்சு நடத்துங்க."

"வெளியிலன்னா ஹவ்வா எங்கிருந்தும்மா பார்ப்பா?" என்றார் காஜா மைதீன்.

முகமது இப்ராஹிம் தொண்டையைச் செருமினார். "இல்லாட்டி நீலத்தை நான்..." என்று ஆரம்பித்துவிட்டு, திரைப் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மட்டில் சரி. நடுவில் ஹவ்வாவின் சண்டை உப்புக்கல் மாதிரி கரைந்துகொண்டிருந்தது.

அவள் திரையின் இடுக்கு வழியாகச் சிவப்புப் படையைப் பார்த்தாள். தன் படையைப் பார்த்தாள். அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது. தன் கைக்கு வந்த அந்த ஒரு ரகசியத்தை எதிரிக்குக் கொடுக்கவேண்டும். ஒரு நொடி தயங்கினாள். ஒரு நொடிதான்.

"அண்ணே" என்றாள். "கண்ணு என்னைக்கு வச்சீக?"

"முந்தாநாள் தங்கச்சி. பட்டறைத் தகரத்து மேல ரெண்டு வெயில் காஞ்சிருக்கு."

"அப்ப ஒருத்தனை இங்கிட்டு அனுப்புங்க. கண்ணை மூட மாட்டேன். வெயிலுக்குக் கொஞ்சம் நெழலு குடுக்கிறேன், அவ்வளவுதான்."

ஒரு சிவப்புச் சிப்பாய் தட்டில் ஏறித் திரைக்குக் கீழே போனான். கூடத்தில் நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தூரிகை கிண்ணத்தில் தட்டுகிற சத்தம், ஊதுகிற சத்தம், பிறகு விசிறி மட்டை ஓடுகிற சத்தம். தட்டு வெளியே வந்தது.

சிவப்புச் சட்டைக்கு மடிப்பு வந்திருந்தது. முழிப்பு அடங்கியிருந்தது. தொப்பி நிழலுக்குள் கண் உள்வாங்கி, தூரத்துக் கோட்டையைப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றான்.

ரெங்கராஜ் அவனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "கண்ணு உள்ளதான் இருக்கு. மூடல" என்றார்.

மாமி நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். கொஞ்சம் யோசித்து, "தெரியாததை நான் ஏன் கேக்கப்போறேன்? இன்னும் கிட்ட கொண்டுவராதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெங்கராஜ் பிறகுதான் நீலப்படைப் பக்கம் திரும்பினார். தூரிகைக்காரர் அல்லவா, வாயில் வந்த கேலி வாயிலேயே நின்றுவிட்டது. "தங்கச்சி, அந்தக் கிண்ணத்தை அப்படியே தட்டுல ஏத்துங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முன்கூடம் திருச்சினாப்பள்ளி ஆனது. கவிழ்த்த உரல் மலைக்கோட்டை. முகமது இப்ராஹிம் கடையிலிருந்து கொண்டுவந்த நீலப் பாப்ளின் துணி காவிரி. தளபதி வேலை போனதால் ஆற்றுக்கு அவர்தான் அதிகாரி, சுருக்கம் விழுந்தால் ஓடிப்போய் நீவிவிட்டார். நீலப்படை திரையை முதுகுக்கு வைத்து நின்றது. சிவப்பு உரலுக்கு அங்கிட்டு. காஜா மைதீன் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்தபோது பினாங்கு முதலாளியே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"நீலத் தளபதி, உத்தரவு?"

திரை லேசாக அசைந்தது. "இடது பக்க ஆளுக ஆத்தைக் கடக்கட்டும். நடுவுல இருக்கிறவுக அசையவேணாம்."

"ரெண்டு ஜாண் நட" என்று காஜா மைதீன் நகர்த்தினார். அவர் குரல் பறந்தது, கடிதத்தில் பேனா பறக்குமே அது மாதிரி.

பீரங்கி முறை முதலில் சிவப்புக்கு வந்தது. ரெங்கராஜ் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். தீக்குச்சி பறந்து நீலத்தில் மூன்று பேரைச் சாய்த்தது. அடுத்ததாகப் பீரங்கி திரையடிக்குப் போனது. திரையின் கீழ் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்தது, முழங்கைவரை. நீலக் கறை இன்னும் போகாத விரல். பீரங்கியைத் திருப்பி, தட்டியது. குச்சி காவிரியில் விழுந்தது.

"மீனைச் சுட்டுட்டா" என்றார் முகமது இப்ராஹிம்.

இப்படியே மாறி மாறிப் போயிற்று. ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சிவப்பில் தளபதி மட்டும்தான் பாக்கி. அவன் உரலுக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். நீலத்தில் நாலைந்து பேர், எண்ணிக் கொடுத்த குச்சியில் மிச்சம் ஒன்றே ஒன்று. திரையிலிருந்து பார்த்தால் உரல்தான் தெரிந்தது, குதிரை தெரியவில்லை. ஹவ்வாவின் கை பீரங்கியைப் பிடித்துக்கொண்டு தடுமாறியது.

மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு, இந்தப் பக்கமே பார்க்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்த ரம்லத் பீவியின் விரல் நின்றது.

"அங்கிட்டு இல்ல" என்றார் மெல்ல. "வலது பக்கம் திருப்பு. குதிரை வாலு வெளியில நீட்டிக்கிட்டிருக்கு."

"அம்மா, இது ஞாயமில்ல" என்று ரெங்கராஜ் எழுந்தார்.

"வேவுக்காரி இல்லாத படை எந்தப் படைடா?"

கை அரை விரற்கடை வலப்பக்கம் திரும்பியது. மூச்சைப் பிடித்தது திரைக்கு இந்தப் பக்கமும் தெரிந்தது. தட்டியது. குச்சி உரலின் விளிம்பை உரசிக்கொண்டு போய்க் குதிரையின் பின்தொடையில் பட்டது. குதிரை ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு தளபதியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது.

"திருச்சினாப்பள்ளி நீலத்துக்கு" என்றார் காஜா மைதீன். திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துவைத்த சிரிப்பு. அதைக் கேட்டு அவரும் சிரித்தார்.

ரெங்கராஜ் விழுந்த குதிரையைத் தூக்கி நிறுத்தினார். "திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு சண்டை மாப்ளே. இப்படி விட்டுட்டு நீ கப்பல் ஏறுனா நான் வல்லத்திராக்கோட்டைக்கு எந்த மூஞ்சியோட போவேன்?"

"நாளைக்கே" என்றது திரை.

ரம்லத் பீவி எழுந்து டப்பாவண்டை போனார். மிச்சம் கிடந்த குதிரைப்படையில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுகளை யாரு ஓட்டப்போறா?"

"பூசுறவகதான் தளபதி மாமி. சட்டம்" என்றாள் ஹவ்வா.

மாமி குதிரையை முந்தானையில் முடிந்துகொண்டார். உள்ளே போகிற வழியில் திரையோரம் நின்று, கூடத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அந்த ஆட்டுத்தாடி இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"